மூன்றாம் வகுப்பு, முதல் பருவம்: பிள்ளைக்கு எது வந்திருக்கிறது என்று வீட்டிலேயே பார்ப்பது எப்படி?

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குப் பாடங்கள் நான்கு: தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல். மூன்றாம் வகுப்பில் சூழ்நிலையியல் பிரிந்து அறிவியல், சமூக அறிவியல் என்று இரண்டாகிறது. பார்வைக்கு ஒரு புத்தகம் கூடியது போலத்தான் தெரியும். ஆனால் அதுவரை படம் பார்த்தும் வாயால் பேசியும் கற்றதை இனிமேல் பிள்ளை வாசித்துக் கற்க வேண்டும். வாசிப்பு வராத பிள்ளைக்குத் தமிழ் மட்டும் போகாது. அறிவியல், சமூக அறிவியல், கணக்குப் புத்தகத்தில் வரும் வாக்கியக் கணக்குகள் எல்லாம் சேர்ந்தே போகும். அதனால் பிள்ளையின் படிப்பை ஒரு முறையாவது உட்கார்ந்து பார்க்க வேண்டிய வகுப்பு எது என்றால் மூன்றாம் வகுப்புதான். பருவம் எது என்றால் முதல் பருவம்தான்.

2012-13 கல்வியாண்டு முதல் முப்பருவ முறை நடக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை முதல் பருவம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை இரண்டாம் பருவம், ஜனவரியிலிருந்து மூன்றாம் பருவம். பருவத்துக்குத் தனிப் புத்தகங்கள். மதிப்பெண்ணில் 40 வளரறி மதிப்பீடு, அதாவது வகுப்பில் செய்யும் செயல்பாடுகளுக்கும் சிறுதேர்வுகளுக்கும் தருவது. 60 தொகுத்தறி மதிப்பீடு, வீட்டில் நாம் இன்னும் காலாண்டுப் பரீட்சை என்று சொல்லும் எழுத்துத் தேர்வு. இந்த வகுப்பில் யாரையும் நிறுத்திவைப்பதில்லை. அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் நான்காம் வகுப்புக்குப் போய்விட்டது என்பதை வைத்துப் பிள்ளைக்குப் பாடம் வந்துவிட்டது என்று முடிவு கட்ட முடியாது. பாடம் நடத்தி முடிந்ததற்கும் பிள்ளைக்கு அது வந்ததற்கும் நடுவே இருக்கும் தூரத்தைத்தான் நாம் அளக்கப் போகிறோம்.

எப்போது, எதை வைத்துக்கொண்டு

ஆகஸ்ட் கடைசி வாரம் சரியான நேரம். அதற்கு முன்னால் பார்த்தால் பாதிப் பாடம் நடந்திருக்காது. தேர்வு நெருங்கியபின் பார்த்தால் திருத்த நாள் இருக்காது. நான்கு மாலைகள், ஒவ்வொன்றிலும் 20 நிமிடம் போதும். பிள்ளை விளையாடி வந்து, ஏதாவது சாப்பிட்டு, தூக்கம் வருவதற்கு முன் உள்ள நேரமாகப் பாருங்கள். "உனக்குத் தெரியுதான்னு பார்க்கப் போறேன்" என்று ஆரம்பித்தால் பாதி பிள்ளைகள் வாயைத் திறக்காது. "இதை எனக்குப் படிச்சுக் காட்டு" என்றால் போதும்.

தேவைப்படும் பொருள்கள்: இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் (பக்கத்து வீட்டில் கேட்டால் பழையது கிடைக்கும்), கோடு போடாத ஒரு நோட்டு, 60 ஈர்க்குச்சி அல்லது தீக்குச்சி, ரப்பர் பேண்டு, ஒரு கைப்பிடிப் புளியங்கொட்டை, 30 சென்டிமீட்டர் அளவுகோல், முள் உள்ள கடிகாரம். எண் மட்டும் காட்டும் கடிகாரம் உதவாது.

நான்கு மாலைகளிலும் பிள்ளை செய்யும் தப்பை உடனே திருத்தாதீர்கள். பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். தப்பு எந்த மாதிரி என்பது தெரிந்தால்தான் எங்கே கை வைக்க வேண்டும் என்பது தெரியும். உடனுக்குடன் திருத்தினால் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லப் பழகிவிடும்.

முதல் மாலை: தமிழ் வாசிப்பு

மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் நடத்திய பாடத்தை எடுக்காதீர்கள். வகுப்பில் பலமுறை சேர்ந்து சொல்லி அது மனப்பாடம் ஆகியிருக்கும். விரல் வரியின் மேல் நகரும், வாய் ஞாபகத்திலிருந்து சொல்லும். சந்தேகம் இருந்தால் கடைசி வாக்கியத்தை முதலில் வாசிக்கச் சொல்லுங்கள், அல்லது நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு "இது என்ன?" என்று கேளுங்கள். மனப்பாடம் என்றால் அங்கே நின்றுவிடும்.

இரண்டாம் வகுப்புப் புத்தகத்திலோ சிறுவர் கதைப் புத்தகத்திலோ பிள்ளை மறந்துபோன, 50 சொல் அளவுள்ள ஒரு பகுதியைக் கொடுங்கள். அரை நிமிடம் மனதுக்குள் பார்க்கட்டும். பிறகு வாய்விட்டு வாசிக்கட்டும். தடுக்கிய சொற்களைத் தாளில் குறியுங்கள். 50 சொல்லில் நான்கைந்து சொல்லில் நின்று, எழுத்துக்கூட்டி, பிறகு சொல்லைச் சரியாகச் சொல்லிவிட்டால் கவலை வேண்டாம். பத்துக்கு மேல் என்றால் வாசிப்பில் வேலை இருக்கிறது. ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகச் சொல்லிவிட்டு முழுச் சொல்லாகச் சேர்க்க முடியாமல் நின்றால் பிள்ளை இன்னும் ஒன்றாம் வகுப்பு நிலையில் இருக்கிறது என்று பொருள். அதைத் தெரிந்துகொள்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அங்கிருந்து தொடங்கினால் போதும்.

மூன்றாம் வகுப்பு முடியும்போது நிமிடத்துக்கு 60 சொல்லாவது பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்று ஒன்றிய அரசு 2021-இல் தொடங்கிய நிபுண் பாரத் திட்டத்தின் இலக்கு சொல்கிறது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு இதைத் தமிழுக்கு அப்படியே பொருத்த வேண்டாம். நம் மொழியில் "விளையாடிக்கொண்டிருந்தார்கள்" என்பது ஒரே சொல். மற்ற மொழியில் அதுவே மூன்று நான்கு சொல்லாக நிற்கும். வேகத்தைவிட, நிறுத்தற்குறி கண்ட இடத்தில் பிள்ளை மூச்சு விடுகிறதா என்று கவனியுங்கள். பொருள் புரிந்து வாசிக்கும் பிள்ளைதான் முற்றுப்புள்ளியில் நிற்கும்.

வாசித்து முடித்ததும் மூன்று கேள்வி. ஒன்று, பகுதியிலேயே பதில் இருப்பது: "குருவி எங்கே கூடு கட்டியது?" இரண்டாவது, காரணம் கேட்பது: "ஏன் அங்கே கட்டியது?" மூன்றாவது, பகுதியில் இல்லாதது: "நீயா இருந்தா எங்கே கட்டியிருப்பே?" முதல் கேள்விக்கு மட்டும் பதில் வந்து மற்ற இரண்டுக்கும் வராவிட்டால், பிள்ளை பதிலைத் தேடி எடுக்கப் பழகியிருக்கிறது, யோசிக்கப் பழகவில்லை.

இன்னொன்று. வீட்டில் "போயிட்டு வந்தாங்க" என்று கேட்டு வளர்ந்த பிள்ளை புத்தகத்தில் "போய்விட்டு வந்தார்கள்" என்று பார்க்கிறது. எழுத்து தெரிந்தும் தடுக்குவதற்கு இது ஒரு பெரிய காரணம். எழுத்துத் தமிழ் காதில் விழுந்திருந்தால்தான் கண் அதை முன்கூட்டி எதிர்பார்க்கும். இதற்குப் பயிற்சி நோட்டு மருந்து ஆகாது. வீட்டில் யாராவது, அம்மாவோ அக்காவோ தாத்தாவோ, தினமும் பத்து நிமிடம் ஒரு கதையைப் பிள்ளைக்கு வாசித்துக் காட்ட வேண்டும். புத்தகத்தில் இருப்பதைப் பேச்சுத்தமிழுக்கு மாற்றாமல், இருப்பது இருந்தபடியே. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதோ பேசும் பிள்ளைக்கு இது இன்னும் அவசியம்.

எழுத்து: பன்னிரண்டு சொல்

அதே மாலையோ மறுநாளோ இந்தப் பன்னிரண்டு சொற்களைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள்: படம், பாடம், பட்டம், மீன், குருவி, பூனை, செடி, தேள், தையல், கொக்கு, கோழி, பழம். ஒவ்வொன்றையும் இரண்டு முறை, இயல்பாக, எழுத்தைப் பிரித்துக் காட்டாமல் சொல்லுங்கள். எத்தனை சரி என்று எண்ணுவதில் பயன் குறைவு. எப்படித் தப்பு என்று பாருங்கள்.

"பாடம்" என்றதற்குப் "படம்" என்று எழுதினால் குறில், நெடில் காதில் பிரியவில்லை. கை தட்டிப் பழக்குங்கள்: குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு இரண்டு. கல், கால், மண், மான், விடு, வீடு, முடி, மூடி. எழுதாமல் ஒரு வாரம் தட்டினாலே காது பிடித்துக்கொள்ளும்.

"பட்டம்" என்றதற்குப் "படம்" என்றால் ஒற்று விழுகிறது. சொல்லை இரண்டாக உடைத்துச் சொல்லச் சொல்லுங்கள்: பட்-டம், கொக்-கு, அம்-மா. முதல் துண்டு முடியும் இடத்தில் வாய் மூடுவதைப் பிள்ளையே உணரும். அந்த மூடலுக்குத்தான் புள்ளி எழுத்து.

"செடி"யில் கொம்பு ச-வுக்குப் பின்னால் போனாலோ, "கொக்கு" என்பது "கெக்கு" அல்லது "காக்கு" என்று ஆனாலோ காரணம் வேறு. எ, ஏ, ஐ வரிசைகளில் குறி முன்னால் வருகிறது, ஒலி பின்னால் வருகிறது. காது முதலில் கேட்பது ச், கை முதலில் எழுத வேண்டியது கொம்பு. ஒ, ஓ வரிசைகளில் குறி இரண்டு பக்கமும் நிற்பதால் பிள்ளை ஒரு பக்கத்தை விட்டுவிடுகிறது. எழுத்தை எழுதும் முன் முழு எழுத்தையும் வாயால் சொல்ல வேண்டும் என்று பழக்குங்கள். "கொ" என்று சொல்லிவிட்டுக் கையை வைத்தால் கொம்பு, க, கால் என்ற வரிசை தானாக வரும்.

உகரமும் ஊகாரமும்தான் உயிர்மெய்யில் மிகக் கடினம், ஏனென்றால் மற்ற வரிசைகளைப் போல இங்கே ஒரே குறி இல்லை. 18 எழுத்தையும் ஒரே மூச்சில் எழுதச் சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும். வடிவத்தை வைத்து மூன்று கூட்டமாகப் பிரியுங்கள். கு, டு, மு, ரு, ழு, ளு ஆகியவற்றில் கோடு அடியில் சுற்றி வளையும். சு, பு, யு, வு, ஙு ஆகியவற்றில் கோடு நேராகக் கீழே இறங்கும். து, நு, ணு, லு, று, னு, ஞு ஆகியவற்றில் கோடு வலப்பக்கம் மேலே ஏறும். ஒரு கூட்டத்துக்கு மூன்று நாள் கொடுங்கள். ஊகாரத்தை அதற்குப் பிறகு எடுங்கள். அதில் கூ, சூ இரண்டும் தனி வடிவம் என்பதால் அவற்றைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

"பழம்" என்பதைப் "பளம்" என்று எழுதினால் பதற வேண்டாம். பல ஊர்களில் பெரியவர்களே அப்படித்தான் சொல்கிறோம். பிள்ளை கேட்டதை நேர்மையாக எழுதியிருக்கிறது. ல, ள, ழ, ர, ற, ந, ண, ன ஆகியவற்றை விதி சொல்லித் திருத்த முடியாது. பொருளோடு சேர்த்துக் காட்டுங்கள்: வால், வாள், வாழ், ஏரி, ஏறி, கரி, கறி, பனி, பணி. நாளுக்கு ஒரு ஜோடி, இரண்டு படம் வரைந்து, அவ்வளவுதான். இந்தத் தப்பு ஐந்தாம் வகுப்பு வரை கொஞ்சம் இருந்தாலும் குடி முழுகாது. குறில் நெடிலும் ஒற்றும் அப்படி விடக்கூடியவை அல்ல.

கடைசியாக, "எங்கள் வீட்டுச் சமையலறை" என்று தலைப்புக் கொடுத்து ஐந்து வாக்கியம் சொந்தமாக எழுதச் சொல்லுங்கள். கையெழுத்தைப் பார்க்காதீர்கள். வாக்கியம் முடிகிறதா, "பறவைகள் பறந்தது" என்று ஒருமை பன்மை மயங்குகிறதா, முற்றுப்புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து வாக்கியமும் "இது ஒரு..." என்றே தொடங்கினால் பிள்ளை கட்டுரையை மனப்பாடம் செய்து எழுதிப் பழகியிருக்கிறது. முதல் நாள் வாயால் சொல்லவிட்டு, சொன்னதையே எழுதச் சொன்னால் இது மாறும்.

இரண்டாம் மாலை: கணக்கு

முதலில் எண்களைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள்: 47, 70, 89, 98, 108, 350, 305, 900. தமிழில் பதினொன்று, இருபத்துமூன்று என்று எண்ணின் பெயரே அதில் எத்தனை பத்து, எத்தனை ஒன்று என்று சொல்லிவிடும். பத்தும் ஒன்றும், இரண்டு பத்தும் மூன்றும். ஆனால் ஒன்பதில் நம் மொழி பிள்ளையைத் தடுக்கிவிடும். 90 என்பது தொண்ணூறு; காதில் நூறு என்று விழுகிறது. 900 என்பது தொள்ளாயிரம். ஆயிரம் என்று விழுகிறது. எண்பத்தொன்பதும் தொண்ணூற்றெட்டும் இடம் மாறுவது இதனால்தான். இந்தத் தப்பு வந்தால் பிள்ளைக்கு எண் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெயர் குழப்புகிறது. 88 முதல் 101 வரை, பிறகு 898 முதல் 901 வரை, வாய்விட்டு எண்ணிக்கொண்டே எழுதுவது போதும்.

"முந்நூற்று ஐந்து" என்றதற்கு 3005 என்று எழுதினால் இடமதிப்பு வரவில்லை. கேட்டபடியே முந்நூறையும் ஐந்தையும் அடுத்தடுத்து எழுதிவிட்டது. இது பெரிய ஓட்டை, ஏனென்றால் கூட்டல் கழித்தல் எல்லாம் இதன்மேல் நிற்கிறது. பத்துக் குச்சியை ரப்பர் பேண்டு போட்டு ஒரு கட்டாக்குங்கள். 47 என்றால் நான்கு கட்டு, ஏழு தனிக்குச்சி. இது கைவந்தபின் தாளை வெட்டி 100, 10, 1 என்று எழுதிப் பணம்போல் வைத்துக்கொள்ளுங்கள். 305-ஐ எடுத்துத் தரச் சொன்னால் பிள்ளை மூன்று நூறும் ஐந்து ஒன்றும் எடுக்கும். "பத்து எத்தனை எடுத்தே?" என்று கேளுங்கள். "ஒண்ணும் இல்ல" என்ற பதிலுக்குத்தான் நடுவில் அந்தப் பூஜ்யம். பள்ளியில் ஆணிமணிச் சட்டத்தில், அதாவது ஆணியில் மணி கோத்து எண்ணைக் காட்டும் சட்டத்தில், செய்வதும் இதையேதான். வீட்டில் குச்சி சிறந்தது, காரணம் கட்டை அவிழ்க்க முடியும்.

அவிழ்ப்பது ஏன் முக்கியம் என்பது கழித்தலில் தெரியும். 68 + 27, 52 − 27, 403 − 158 என்று மூன்று கணக்குக் கொடுங்கள். விடைகள் 95, 25, 245. பிள்ளை 815 என்று எழுதியிருந்தால் 8-உம் 7-உம் சேர்ந்த 15-ஐ அப்படியே இறக்கிவிட்டது. 52 − 27-க்கு 35 என்று வந்திருந்தால் ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. 403 − 158-க்கு 355 என்று வந்தாலும் அதே கதைதான். "கடன் வாங்கு" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை அடித்தல் திருத்தல் போடக் கற்றுக்கொள்ளும், ஏன் என்று தெரியாது. ஐந்து கட்டும் இரண்டு குச்சியும் கையில் கொடுத்து "27 குச்சி குடு" என்று கேளுங்கள். இரண்டு குச்சியிலிருந்து ஏழு தர முடியாது. ஒரு கட்டை அவிழ்த்தே ஆக வேண்டும். பத்து முறை கட்டை அவிழ்த்த பிள்ளை தாளில் அந்தத் தப்பைச் செய்வது அபூர்வம். நடுவில் பூஜ்யம் வரும் கழித்தலை இதெல்லாம் உறுதியானபின் எடுங்கள். அது வராததை மட்டும் வைத்துப் பிள்ளையை எடை போட வேண்டாம்.

பெருக்கலுக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லாமல், "வரிசைக்கு ஆறு வெச்சு நாலு வரிசை அடுக்கு" என்று ஒரு பலகையையும் புளியங்கொட்டையையும் கொடுங்கள். பிறகு மொத்தம் எத்தனை என்று கேளுங்கள். ஒன்று இரண்டு என்று 24 வரை எண்ணினால் பெருக்கல் இன்னும் வரவில்லை. 6, 12, 18, 24 என்று தாவினால் வந்துகொண்டிருக்கிறது. பலகையைத் திருப்பி வைத்து, இப்போது ஆறு வரிசையில் நான்கு என்றால் எத்தனை என்று கேளுங்கள். மறுபடி எண்ணாமல் சொன்னால் நன்றாகவே வந்துவிட்டது. 2, 5, 10 வாய்ப்பாடுகள் முதலில், 3, 4 அடுத்து. மனப்பாடமும் வேண்டும்தான், ஆனால் அடுக்கிப் பார்த்தபின்.

அளவுகோலில் பென்சிலை அளக்கச் சொல்லி, முனையை எங்கே வைக்கிறது என்று பாருங்கள். நிறையப் பிள்ளைகள் 1-இலிருந்து தொடங்கும். எண்ணும்போது ஒன்றிலிருந்து தொடங்கிப் பழகியதால் வரும் தப்பு. 1-இலிருந்து 8 வரை என்றால் நீளம் 7 சென்டிமீட்டர் என்பதை விரலால் இடைவெளியை எண்ண வைத்தால் பிள்ளையே கண்டுபிடிக்கும். கடிகாரத்தில் மூன்றே முக்காலைக் காட்டி மணி கேளுங்கள். சின்ன முள் 4-ஐ ஒட்டி நிற்பதால் "நாலே முக்கால்" என்று வரும். சின்ன முள் எந்த எண்ணைத் தாண்டியிருக்கிறது என்று கேட்கப் பழக்குங்கள். ஒரு சதுரத்தை வெட்டி, மூலை மேலே வரும்படி சாய்த்துப் பிடித்து இது என்ன என்றும் கேட்டுப் பாருங்கள். சாய்த்தால் சதுரம் இல்லாமல் போய்விடும் என்று நினைக்கும் பிள்ளைகள் நிறைய உண்டு.

மூன்றாம் மாலை: ஆங்கிலம்

இங்கே எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளை முதல் பருவத்தில் மூன்று நான்கு சொல் உள்ள எளிய வாக்கியத்தை வாசித்துப் பொருள் சொன்னால், பேரையும் ஊரையும் வகுப்பையும் ஆங்கிலத்தில் சொன்னால், எழுதினால், நல்ல இடத்தில்தான் இருக்கிறது.

புத்தகத்தைத் திறந்து, ஆங்கிலச் சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால் பிள்ளை வாசிப்பது அந்தத் தமிழைத்தான். அழித்துவிடுங்கள். இரண்டு வாரம் திணறும், பிறகு கண் ஆங்கில எழுத்துக்குப் போகும். தமிழில் எழுத்தைப் பார்த்தால் ஒலி தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் முதல் எழுத்தான 'ஏ' பேட், கேக், கார், பால் (பந்து) என்று நான்கு சொல்லில் நான்கு விதமாக ஒலிக்கிறது. இது பிள்ளையின் குறை இல்லை என்று பிள்ளையிடமே சொல்லுங்கள். ஒரே ஒலியில் முடியும் சொற்களைக் கூட்டமாக எடுத்து, கூட்டத்துக்கு ஐந்து சொல்லாக, முதல் எழுத்தை மட்டும் மாற்றி வாசிக்க வைப்பது பலன் தரும்.

சின்ன 'பி'யும் சின்ன 'டி'யும் திரும்பிப் போவது இந்த வயதில் சாதாரணம். இரண்டு கையையும் முட்டியாக மடக்கி, முட்டிகளை ஒட்டிவைத்து, கட்டைவிரலை நிமிர்த்தச் சொல்லுங்கள். இடக்கை 'பி', வலக்கை 'டி'.

நான்காம் மாலை: அறிவியலும் சமூக அறிவியலும்

இந்த இரண்டிலும் பாடப் பின்கேள்விகளைக் கேட்காதீர்கள். அவற்றின் பதில்கள் வகுப்பு நோட்டில் எழுதி வாங்கிப் படித்தவை. பொருளைக் கையில் கொடுத்துக் கேளுங்கள்.

திண்மம், நீர்மம், வாயு படித்த பிள்ளையிடம் ஒரு தம்ளரில் ஐஸ் கட்டியைப் போட்டு, உருகுவதற்கு முன்னும் பின்னும் என்ன மாறியது என்று கேளுங்கள். பிறகு கல் உப்பைத் தம்ளரில் கொட்டி, "தண்ணி மாதிரி இதுவும் தம்ளர் வடிவத்துக்கு வந்துடுச்சே, இது நீர்மமா?" என்று கேளுங்கள். நல்ல சண்டை வரும். தட்டில் கொட்டிப் பார்க்கட்டும். தண்ணீர் பரவி மட்டமாகிறது, உப்பு குவியலாக நிற்கிறது; ஒவ்வொரு கல்லும் தன் வடிவத்திலேயே இருக்கிறது. இதைப் பிள்ளை தன் வாயால் சொன்னால் பாடம் வந்துவிட்டது. "திண்மம் என்பது குறிப்பிட்ட வடிவம் உடையது" என்ற வாக்கியம் மட்டும் வந்தால் இன்னும் வரவில்லை. தள்ளுதல், இழுத்தல் படித்திருந்தால் கதவு, கிணற்றுக் கயிறு, சைக்கிள் மிதி மூன்றையும் காட்டி எது எது என்று கேட்டாலே போதும்.

சமூக அறிவியலுக்கு ஒரு வேலை: வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் வழியை வரையச் சொல்லுங்கள். திருப்பங்கள், கடை, கோயில், தண்ணீர்த் தொட்டி இருக்க வேண்டும். வரிசை சரியாக இருந்தால் வீடு, ஊர், சுற்றுப்புறம் பற்றிய பாடத்தின் அடிப்படை உண்டு. திசைகளில் ஒரு தப்பு கட்டாயம் வரும். சுவரில் மாட்டிய வரைபடத்தைப் பார்த்துப் பழகிய பிள்ளை வடக்கு என்றால் மேலே கையைக் காட்டும். காலையில் சூரியனைப் பார்த்து நிறுத்துங்கள்: முகத்துக்கு நேரே கிழக்கு, முதுகுக்குப் பின்னால் மேற்கு, இடக்கைப் பக்கம் வடக்கு, வலக்கைப் பக்கம் தெற்கு. பிறகு அது வரைந்த படத்தைத் தரையில் விரித்து, உண்மையான வடக்குக்குத் திருப்பி வையுங்கள். வரைபடம் தரையைத்தான் காட்டுகிறது என்பது அந்த நொடியில் புரியும்.

ஓவியம், பாட்டு, விளையாட்டு எல்லாமும் படிப்பின் பகுதிதான். அவற்றைச் சோதிக்க வேண்டாம். பள்ளியில் அதற்கு நேரம் ஒதுக்கப்படுகிறதா என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் என்றால்

பிள்ளை வாசிப்பது சரியா என்று உங்களால் பார்க்க முடியாது என்று ஒதுங்கிவிடாதீர்கள். பேருந்துப் பலகையை வாசிக்கச் சொல்லுங்கள். சரியா என்பது வண்டியில் ஏறினால் தெரிந்துவிடும். கடையில் 100 ரூபாய் கொடுத்து 64 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு என்று பிள்ளையை முதலில் சொல்ல வையுங்கள். மளிகைச் சீட்டை அது எழுதட்டும், கடைக்காரர் வாசிக்கட்டும். அவருக்குப் புரிந்தால் எழுத்து சரி. கதையை வாசித்துவிட்டுத் தன் பேச்சில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். முன்னுக்குப் பின் முரணாக வந்தால் வாசிப்பில் புரியாத இடம் இருக்கிறது.

ஆசிரியரிடம் எப்படிக் கேட்பது

"எம் புள்ள எப்படிப் படிக்குது?" என்று கேட்டால் "நல்லாப் படிக்குது" என்ற பதில்தான் வரும். நோட்டையும் பன்னிரண்டு சொல் எழுதிய தாளையும் கையோடு கொண்டுபோங்கள். அரசுப் பள்ளிகளில் 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையை வைத்துப் பிரித்து நடத்துவார்கள். அரும்பு ஒன்றாம் வகுப்பு நிலை, மொட்டு இரண்டாம் வகுப்பு நிலை, மலர் மூன்றாம் வகுப்பு நிலை. தமிழில் எந்த நிலை, கணக்கில் எந்த நிலை, ஆங்கிலத்தில் எந்த நிலை என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றில் மலர், இன்னொன்றில் அரும்பு என்று இருக்கலாம். "அடுத்த நிலைக்குப் போக எது தடை? வீட்டில் நான் எதைச் செய்ய?" என்பது அடுத்த கேள்வி.

ஈராசிரியர் பள்ளி என்றால் ஐந்து வகுப்புகளையும் இரண்டு பேர்தான் சுமக்கிறார்கள் என்பது மனதில் இருக்கட்டும். ஒரு வகுப்புக்குச் சொல்லிக் கொடுக்கும்போது மற்றவை எழுதிக்கொண்டிருக்கும். அங்கே ஆசிரியருக்குக் குறையும் நேரத்தில் பத்து நிமிடத்தை வீடு தாங்கினால் பெரிய உதவி. பள்ளி நேரம் முடியும் சமயத்தில் போங்கள், பத்து நிமிடத்தில் பேசி முடியுங்கள்.

கண்டுபிடித்ததை வைத்து என்ன செய்வது

எல்லா ஓட்டையையும் ஒரே நேரத்தில் அடைக்கப் பார்த்தால் எதுவும் அடையாது. தமிழில் ஒன்று, கணக்கில் ஒன்று, அவ்வளவே எடுங்கள். எது முதலில் என்று தெரியாவிட்டால் வாசிப்பும் இடமதிப்பும். நாளுக்கு 15 நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காரவைப்பது இதற்கு ஈடாகாது. காலாண்டு விடுமுறையிலும் இதே 15 நிமிடம் தொடரட்டும்.

ஆறு வாரத்தில் கொஞ்சமும் நகரவில்லை என்றால் கண்ணையும் காதையும் பாருங்கள். கரும்பலகையிலிருந்து எழுதியதில் தப்பு நிறைய, புத்தகத்திலிருந்து எழுதியதில் குறைவு என்றால் தூரப் பார்வையில் கோளாறு இருக்கலாம். சொல்வதை எழுதும்போது உங்கள் உதட்டையே பார்த்தால், பின்னால் இருந்து கூப்பிட்டால் திரும்பாவிட்டால், காதுப் பரிசோதனை வேண்டும். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லலாம், அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போகலாம். பிள்ளை கேள்வி புரிந்து வாயால் நன்றாகப் பேசி, எழுத்தில் மட்டும் விடாமல் தடுமாறினால் கற்றல் குறைபாடு பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். திட்டுவதால் இவற்றில் எதுவும் சரியாகாது.

பன்னிரண்டு சொல் எழுதிய தாளிலும் கணக்குத் தாளிலும் தேதி போட்டுப் பத்திரப்படுத்துங்கள். நவம்பர் கடைசியில், இரண்டாம் பருவத்தின் நடுவே, பழைய தாளைக் காட்டாமல் அதே சொற்களையும் அதே கணக்குகளையும் மறுபடி கொடுங்கள். முடிந்ததும் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து, எது மாறியிருக்கிறது என்று பிள்ளையையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.